அந்த நாலு சாய்ந்துதான் இருந்தது

இருபத்திரண்டு வருஷம் எனக்குச் சோறு போட்டும் ஒரு நாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத, என் அன்பான அத்தைக்கு,

உங்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. வீட்டுக்கு வருகிற கடிதம், மருந்துச் சீட்டு, கோயில் நோட்டீஸ் எல்லாவற்றையும் நான்தான் வாசித்துக் காட்டுவேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பீர்கள். இதையும் அப்படியே கேளுங்கள். இந்த முறை பக்கத்தில் இன்னும் பத்துப் பேர் நின்று கேட்பார்கள். கேட்கட்டும். உங்களைப் பற்றிய ஒரு பொய்யை ஊர் அறியத்தானே பரப்பினேன், உண்மையை மட்டும் உங்கள் காதோடு சொன்னால் எப்படி?

முதலில் வீட்டு விசேஷம். இரத்தோட்டையில் ஒரு வாரமாக மழை. வேலி மரத்தில் நீங்கள் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி கூரை உயரம் வந்துவிட்டது. எல்கடுவ பஸ் இப்போதும் பிந்தித்தான் வருகிறது. நான் இன்னும் மாத்தளை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர்தான். ஆனால் கையில் கடிகாரம் கட்டுவதில்லை, போனைப் பார்த்துத்தான் பஸ்களை அனுப்புகிறேன். "டைம் கீப்பர் அண்ணன் கையில டைம் இல்லையா?" என்று டிரைவர்கள் கிண்டல் பண்ணுகிறார்கள். சிரித்துவிட்டுப் போய்விடுகிறேன். வேறென்ன செய்ய?

அந்தக் கடிகாரம் என் கைக்கு வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டில் மோதிரமும் கடிகாரமும் போட வேண்டும் என்பது வழக்கம். மோதிரம் புதிது. கடிகாரம் மாமாவுடையது. மாமா இறந்து அப்போது இரண்டு வருஷம். தாலி இழந்தவர் நல்ல காரியத்தில் கை வைக்கக் கூடாதென்று யாரோ சொன்னார்கள். அதனால் உங்கள் தம்பி வந்து என் கையில் கட்டிவிட்டார், நீங்கள் பின்னால் தூணோரம் நின்று பார்த்தீர்கள். அப்போது நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. புதுக் கடிகாரம் போட்டிருக்கலாமே என்றுதான் நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதன் கதையை நீங்கள் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! மாமா எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நேரம் பிந்தாமல் போக வேண்டும் என்று டவுனில் வாங்கிய சுவிஸ் கடிகாரம். ஒரு மழை நாளில் ஆற்றைக் கடக்கும்போது வழுக்கி விழுந்து, உள்ளே தண்ணீர் போய், முகமெல்லாம் கறுத்துவிட்டது. "டவுன்ல குடுத்து மூஞ்சிய புதுசா எழுதி வாங்கியாந்தாரு மாப்புள. எழுதுனவன் நாலை மட்டும் சாய்ச்சிப்புட்டான். பாருங்க, கொழுந்துக் கூடைய தூக்கிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கும்" என்பீர்கள். பள்ளிக்கூடமே போகாத நீங்கள் மணி பார்க்கப் படித்தது அந்த முகத்தில்தான். நாலு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும் என்பதால் முதலில் படித்த எண்ணும் நாலுதான்.

ஆக, நீங்கள் எதையும் மறைக்கவில்லை. முகம் மாற்றி எழுதியது என்று வாயாரச் சொன்னீர்கள். நான்தான் காது கொடுத்துக் கேட்கவில்லை.

போனில் எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது உங்களுக்குத் தெரியும். "எந்த நேரமும் அதுல என்னதான் பாக்குறாங்களோ" என்று உங்கள் மகள் கலாவிடம் கேட்பீர்கள். பழைய கைக்கடிகாரம் சேர்க்கிறவர்களின் குழு அது, அத்தை. யாராவது ஒரு கடிகாரத்தின் படத்தைப் போட்டு, டயல் ஒரிஜினலா என்று கேட்பார்கள். நான் பார்த்துவிட்டு ஒரே சொல்லில் பதில் எழுதுவேன்: ரீடயல். அதாவது, பழைய முகத்தைச் சுரண்டிவிட்டு மேலே புதிதாக எழுதியது. ஒருவர் ஆசையாக வாங்கிய பொருள் அந்த ஒரு சொல்லில் குப்பையாகிவிடும்.

கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. கம்பனியில் அச்சடித்த எழுத்து லென்ஸில் பார்த்தாலும் கூராக நிற்கும், கையால் எழுதியது நுனியில் ஊறி வீங்கியிருக்கும். நிமிஷக் கோடுகள் மணிக் குறிகளோடு நேர்கோட்டில் சேராது. அடியில் இருக்க வேண்டிய குட்டி எழுத்துகளை எழுதுகிறவன் மறந்திருப்பான். டயலைக் கழற்றினால் ஓரத்தில், பிடித்துக்கொள்ள அரத்தால் வெட்டிய சின்னப் பள்ளம் ஒன்று இருக்கும். முள் எல்லாம் பழுத்துப் போயிருக்க முகம் மட்டும் பளபளவென்று இருந்தால், எதையும் பார்க்கவே தேவையில்லை. இதெல்லாம் எனக்கு அத்துப்படி. குழுவில் என்னைக் கண்டால் பயம். அந்தப் பயம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஒரு நாள் பல்லேபொலயில் வாங்கிய ஒரு கடிகாரத்தைக் கையில் பிடித்துப் படம் எடுத்துப் போட்டேன். என் மணிக்கட்டும் படத்தில் விழுந்துவிட்டது. கொழும்புக்காரர் ஒருவர் கீழே எழுதினார்: "அண்ணா, புடிச்சிருக்கிறத விடுங்க. கட்டியிருக்கிறதே ரீடயல்தானே?" சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஊரார் கடிகாரத்துக்கெல்லாம் லென்ஸ் வைத்தவன், என் கையில் இருந்ததை ஒரு தடவைகூட அப்படிப் பார்த்ததில்லை. கழற்றிப் பார்த்தேன். வீங்கிய எழுத்து, விலகிய கோடு, சாய்ந்த நாலு. எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது, அத்தை. உங்கள் மேல்! இதைக் கட்டிவிட்டு என்னை இத்தனை வருஷம் திரிய விட்டார்களே என்று.

ஒரு மாதத்தில் அதே மாதிரியில் அச்சு அசலான டயல் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். டவுனில் நான் வழக்கமாகப் போகிற கடிகாரக் கடை முஸ்லிம் நானாவிடம் கொடுத்தேன். அவர் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது நல்லாத்தானே ஈக்கிது தம்பி. எதுக்கு மாத்தணும்?"

"ரீடயல் நானா. கட்டிக்கிட்டுப் போக வெக்கமா இருக்கு."

"யார்ட வாச்சு இது?"

"மாமனாரோடது."

மாற்றிக் கொடுத்து, பழைய டயலைச் சிகரெட் பெட்டித் தாளில் மடித்து என் சட்டைப் பையில் அவரே வைத்துவிட்டார்.

அதோடு விட்டேனா? அந்தப் பழைய டயலைப் பெரிதாகப் படம் எடுத்து, தவறுகளையெல்லாம் சிவப்பில் வட்டமிட்டு, ரீடயலை அடையாளம் காண்பது எப்படி என்று குழுவில் ஒரு பாடமே நடத்தினேன். நாலைச் சுற்றித்தான் ஆகப் பெரிய வட்டம். எழுதியவன் தூக்கத்தில் எழுதினானா என்று எழுதினேன். எல்லோரும் சிரித்தார்கள். போன மானம் திரும்பி வந்துவிட்டதாக நினைத்தேன்.

வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கலா தினமும் பார்க்கிற கடிகாரம்தான், அவளுக்கே தெரியவில்லை. உங்களுக்கு அப்போது இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்திருந்தது. அதனால் நானும் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு ஆஸ்பத்திரியில் உங்கள் வலது கண்ணுக்கு ஆபரேஷன் செய்தார்கள். கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்த அன்று நீங்கள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள்! சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தீர்கள், கலாவின் தலையில் நரையைப் பார்த்துச் சிரித்தீர்கள். என் பக்கம் திரும்பி, "மாப்புள, அந்த வாச்ச குடுங்க, மணி தெரியுதான்னு பாப்போம்" என்று கையை நீட்டினீர்கள். நானும் முட்டாள் மாதிரி கழற்றிக் கொடுத்தேன்.

வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தீர்கள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தீர்கள். மறுபடியும் முகத்தைப் பார்த்தீர்கள்.

"இது அவரு வாச்சு இல்லையே."

"என்னம்மா சொல்றீங்க? அப்பா வாச்சுதான்" என்றாள் கலா.

"இல்லடி. நாலு நேரா நிக்குது பாரு."

அந்தப் பழைய டயல் ஐந்தடி தூரத்தில், அலமாரியின் இரண்டாவது லாச்சியில், அதே சிகரெட் பெட்டித் தாளுக்குள் இருந்தது. எழுந்து எடுத்து, "ஆமாம் அத்தை, நான்தான் மாத்தினேன்" என்று சொல்ல அரை நிமிஷம் போதும். நீங்கள் திட்டியிருப்பீர்களா? மாட்டீர்கள். ஒரு பெருமூச்சு விட்டு, தேநீர் போட எழுந்து போயிருப்பீர்கள். ஆனால் வெட்கம் வாயைக் கட்டிப்போட்டது. "கண்ணு இப்பத்தானே அத்தை தெறந்திருக்கு. நாலஞ்சு நாள் போனா எல்லாம் சரியாத் தெரியும்" என்றேன்.

உங்களுக்குச் சரியாகத்தான் தெரிந்தது.

நீங்கள் விடவில்லை. ஆனால் என்னைச் சந்தேகப்படவும் இல்லை. யாரோ என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று எனக்காகப் பரிந்து பேசினீர்கள். அடுத்த ஞாயிறு உங்கள் மகன் முருகேசு மச்சான் எல்கடுவயிலிருந்து வந்தபோது, "மாப்புள பாவம்டா, வெள்ளந்தி. பேட்டரி போடக் குடுத்த எடத்துல வாச்சையே மாத்திப்புட்டாங்க போல. நீ போயி கேளு" என்றீர்கள். சாவி கொடுக்கிற கடிகாரத்துக்கு ஏது பேட்டரி? அந்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டேன் நான்.

மச்சான் நானா கடைக்குப் போகக் கிளம்பிவிட்டார். போனால் எல்லாம் வெளியே வந்துவிடும். அவரை மிளகுக் கொடிப் பக்கம் தனியாகக் கூட்டிப் போய்ச் சொன்னேன்: "வேணாம் மச்சான், அசிங்கம். சாவி குடுக்குற வாச்சுக்கு பேட்டரின்னு சொல்றாங்க பாருங்க. அத்தைக்கு ஞாபகம் கொளம்புது. கொஞ்ச நாளாவே இப்படித்தான்."

கொஞ்ச நாளாகவே! அதற்கு முந்தின நாள் வரை, வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று உங்களைக் கேட்டுத்தான் எடுப்போம். மச்சானின் முகம் வாடிப் போனது. அவர் நம்பிவிட்டார். பஸ்ஸில் ஏறிப் போனவர் வீட்டில் சொன்னார், வீட்டிலிருந்து லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் போனது. கங்காணி பொஞ்சாதிக்குப் புத்தி தடுமாறுதாம்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள்தான் அனுபவித்தீர்கள், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். கலா உங்களை அடுப்புப் பக்கம் விடவில்லை. நெருப்புப்பெட்டியை உயரமான தட்டில் வைத்தாள். மாத்தளை தேருக்குத் தனியாகப் போகக் கூடாது என்றாள். எல்கடுவயிலிருந்து உங்களைப் பார்க்க வந்த பெண்கள், சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோல் சத்தமாக, மெதுவாகப் பேசினார்கள். "என்னய அடையாளம் தெரியுதா?" என்று ஒருத்தி கேட்டாள். அவளோடு முப்பது வருஷம் ஒரே மலையில் கொழுந்து பறித்தவர் நீங்கள். அவள் பெயரையும் அவள் புருஷன் பெயரையும் அவள் வீட்டு ஆட்டின் பெயரையும் சொன்னீர்கள். அவள் கலாவைத் திரும்பிப் பார்த்து, "இன்னிக்கு நல்லாருக்காங்க" என்றாள்.

நல்ல ஞாபகம் இருப்பதைக்கூட வியாதி ஆக்கிவிட்டோம், அத்தை.

போகப் போக நீங்களே உங்களை நம்பாமல் போனீர்கள். ஏதாவது சொல்லிவிட்டு, "நான் சரியாத்தான் சொல்றேனா?" என்று கலாவின் முகத்தைப் பார்ப்பீர்கள். பிறகு சொல்வதையே குறைத்துக்கொண்டீர்கள். போன வருஷம் மழையில் மூன்று நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கடைசியாக நர்ஸ் உங்கள் வயதைக் கேட்டபோது, "மகளக் கேளுங்கம்மா, எனக்கு ஞாபகம் நிக்காது" என்றீர்கள். உங்களுக்கு வயது தெரியும். சாவு வீட்டில் ஒருவர் என் கையைப் பிடித்து, "புத்தி கலங்கி ரொம்ப நாள் கஷ்டப்படாமப் போயிட்டாங்க, அதுவரைக்கும் புண்ணியம்" என்றார். தலையாட்டினேன்.

உங்களோடு இதுவும் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. கலாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் சாவியை எங்கோ வைத்துவிட்டாள். இன்னொரு நாள் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள். "அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருதுங்க" என்றாள். சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்ததும், மாத்தளை பஸ் நேரங்களை வரிசையாக என்னிடம் ஒப்புவிப்பாள். நான் சரி பார்க்க வேண்டும். விளையாட்டு என்றுதான் நானும் இருந்தேன். போன மாதம் ஒரு நாள், ஆறு நாற்பது பஸ்ஸை விட்டுவிட்டாள். தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்த பஸ்ஸை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது என்று சொல்லியும் அழுகை நிற்கவில்லை.

அன்றுதான் லாச்சியைத் திறந்தேன்.

டயலை அவள் உள்ளங்கையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். குழுவில் சிரித்தது, நானா கேட்டது, மச்சானிடம் சொன்னது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அந்த நாலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப அம்மாவுக்கு ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல கலா."

"அவங்க கையிலேருந்து நெருப்புப்பெட்டியப் புடுங்கினேனே" என்றாள். "வலிக்கிற மாதிரி புடுங்கினேன்."

பயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்துவிட்டேன். இரண்டு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. டயலைத் தன் சேலைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டாள், நான் கேட்கவும் இல்லை. பேசியபோது ஒன்றுதான் சொன்னாள்: "என்கிட்ட சொன்னதோட முடிஞ்சதுன்னு நெனைக்காதீங்க. அண்ணன் முன்னாலயும் லயத்துச் சனம் முன்னாலயும் சொல்லணும்."

வருகிற மாதம் உங்கள் முதல் தெவசம். எல்கடுவயில் மச்சான் வீட்டில்தான் படையல். எல்லோரும் வருவார்கள். ஆடு வளர்த்த அந்த அம்மாவும் வருவார். இலை போடுவதற்கு முன்னால் எழுந்து நின்று இதை வாசித்துச் சொல்லப் போகிறேன். மச்சான் என்னை வெளியே போகச் சொன்னால் போவேன். பஸ் எத்தனை மணிக்கு என்று எனக்குத் தெரியும்.

கலாவிடமும் சொல்லாத ஒன்று மிச்சம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

காய்ச்சல் வருவதற்கு ஒரு மாதம் முன்னால், கலா கடைக்குப் போயிருந்த நேரம். நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து என் எதிரில் நின்றீர்கள். மருமகன் எதிரில் நாற்காலியில்கூட உட்காராத நீங்கள், முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, "மாப்புள, நான் அன்னிக்கு வாச்ச மாத்திட்டாங்கன்னு என்னமோ ஒளறிட்டேன். உங்க கையில கட்டுனதப் பாத்தே அப்படிச் சொல்லலாமா? புத்தி சரியில்லாத பொம்பள சொன்னதுன்னு மன்னிச்சிருங்க" என்று கும்பிட்டீர்கள்.

நான் இஸ்திரிப் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "பரவால்ல அத்தை" என்றேன்.

உங்களை நான் மன்னித்தேன், அத்தை. நான்!

அந்தப் பரவாயில்லையைத் திருப்பி எடுத்துக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை. நீங்கள் அதை வாங்கிக்கொண்டு, நிம்மதியாக உள்ளே போய்ப் படுத்துவிட்டீர்கள். தெவசத்தன்று இதையும் சேர்த்துத்தான் சொல்வேன், கலா பக்கத்தில் நிற்கும்போதே சொல்வேன். அதற்குப் பிறகு யாரும் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க மாட்டேன். நீங்கள் கும்பிட்ட இடத்தில் நான் கும்பிட வேண்டியவன். இது சத்தியம்.

கடிகாரத்தை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் பொய் சொன்ன,
உங்கள் மகள் கலாவின் புருஷன்,
உங்கள் மருமகன்.